கட்டளையிடுகிறவரா? கைதூக்கி விடுகிறவரா?

வேத பாடம்
வாசிக்க: அப்போஸ்தலர் 9:26-28, 11:22-26, பிலேமோன் 8-19



சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வீட்டு ஜெபக் குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு வாலிபத் தம்பி எப்போதும் பிந்தியே வருவார். ஒருநாள் எல்லாருக்கும் முன்பாக, "என்ன தம்பி, இதுதான் ஜெபத்துக்கு வர்ற நேரமா? இஷ்டமில்லேன்னா வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது: மில்லில் ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், சைக்கிளை மிதித்து நேராக ஜெபத்துக்கு வந்திருக்கிறார். நேரத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான். ஆனால் ஒரு ஆத்துமாவை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

பாடல் குழுவோ, ஞாயிறு பள்ளியோ, வாலிபர் கூட்டமோ, ஏதோ ஒரு பொறுப்பு நம் கையில் இருக்கலாம். அதை எப்படி நடத்துகிறோம்?

1. பர்னபா தேடிப்போனார்

எருசலேமில் சவுலைக் கண்டு சீஷர்கள் எல்லாரும் பயந்தார்கள். பர்னபா ஒருவர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போய் அவருக்காகப் பேசினார். பின்பு அந்தியோகியாவில் எழுப்புதல் உண்டானபோது, அந்த ஊழியத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. தர்சு வரைக்கும் போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்தார். ஆரம்பத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று வாசிக்கிறோம். 13-ம் அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று வரிசை மாறுகிறது. தான் வளர்த்தவர் தன்னை முந்தினார் என்று பர்னபா முறுமுறுத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவையும் அவர் தள்ளிவிடவில்லை, மறுபடியும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் பவுலே, மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன் என்ற கருத்தில் எழுதினார் (2 தீமோத்தேயு 4:11).

2. பவுல் மன்றாடினார்

ஓடிவந்த அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் பிலேமோனுக்கு எழுதுகிறார். கட்டளையிட அவருக்கு அதிகாரம் உண்டு. அதை ஒதுக்கிவைத்து, அன்பினிமித்தம் கேட்கிறார். ஏன்? பிலேமோன் செய்யப்போகும் நன்மை கட்டாயத்தினால் வரக்கூடாது, மனதார வரவேண்டும் (14). "அவன் பட்ட கடனை என் கணக்கில் எழுதும்" என்ற பாவனையில் நஷ்டத்தையும் தானே ஏற்றுக்கொள்கிறார். வாயால் உற்சாகப்படுத்துவது சுலபம். கைக்காசும் கொடுக்கத் துணிவதே அன்பு.

3. நம்ம பக்கத்து உதாரணம்

நம்ம விருதுநகர்க்காரரான காமராஜரைப் பாருங்கள். 1954-ல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியம் அவரை எதிர்த்து நின்று தோற்றார். முதலமைச்சரான காமராஜர் அவரை ஓரங்கட்டவில்லை. தம் மந்திரிசபையிலேயே சேர்த்து, நிதி, கல்வி என்ற பெரிய பொறுப்புகளைக் கொடுத்தார். அந்த மந்திரிசபைதான் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எதிர்த்தவரின் தாலந்தையும் பயன்படுத்தத் தெரிந்தவரால் வேலை நடந்தது. நாட்டு அரசியலிலேயே இது கூடுமானால், சபைக்குள் எவ்வளவு அதிகமாய் நடக்கவேண்டும்!

4. அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்கவேண்டும். ஆனால் மத்தேயு 18:15 காட்டும் வழி, முதலில் தனியாகப் பேசுவது. தப்பை மூடி மறைத்து முகஸ்துதி பேசுவதற்கு உற்சாகம் என்று பெயர் இல்லை. பாராட்டைப் பலர் முன்பாகவும், குறையைத் தனிமையிலும் சொல்லுங்கள். காரணத்தைக் கேட்காமல் தீர்ப்பு சொல்லாதிருங்கள்.

இந்த வாரம் செய்ய:
* உங்கள் குழுவில் வராமல் போன ஒருவர் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், "சௌக்கியமா?" என்று கேளுங்கள்.
* நீங்களே செய்துவரும் ஒரு வேலையை இளையவர் ஒருவருக்குக் கொடுத்து, கூட நில்லுங்கள்.
* யாரையாவது காயப்படுத்தியிருந்தால், மன்னிப்புக் கேளுங்கள்.

நானும் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். "தப்பு என்மேலதான் தம்பி" என்றேன். அவர் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. இன்று அந்தக் குழுவை நடத்துவது அவர்தான். பிந்தி வருகிறவர்களுக்கு அவரே எழுந்து பாயை விரித்துக் கொடுக்கிறார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

கர்த்தர் நம் ஒவ்வொருவரையும் ஆறுதலின் பிள்ளைகளாக மாற்றுவாராக. ஆமென்.