குளிர்ப் பாலைவனமும் எங்கள் ஊர் ஏரியும்

‘பாலை’ என்ற சொல்லை நம் மாணவர்கள் முதலில் அறிவது தமிழ்ப் பாடத்தின் ஐந்திணையில்தான். கோடை வெப்பத்தால் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு போன நிலம் அது. பிறகு சமூக அறிவியலில் பாலைவனம் வரும்போது மணல், ஒட்டகம், வெயில் ஆகிய மூன்றும் மனத்தில் பதிந்துவிடுகின்றன. எனவே ‘லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம்’ என்றதும் ஏனாத்தூரில் என் எட்டாம் வகுப்பில் எழுந்த கேள்வி, “குளிரா இருந்தா அது எப்படி டீச்சர் பாலைவனம்?”

நியாயமான கேள்வி. பாலைவனத்தைத் தீர்மானிப்பது வெப்பம் அன்று, நீரின்மை. இதை உணர்த்த, கோடை விடுமுறையில் தோழியர் நால்வருடன் லடாக்கில் ஐந்து நாள்கள் ஜீப்பில் சென்ற பயணம் எனக்குக் கைகொடுத்தது.

பயணப் பாதை

சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், உடல் அவ்வுயரத்திற்குப் பழக இரண்டு நாள்கள் ஓய்வெடுத்தோம். பிறகு கர்துங் லா கணவாய் (5,359 மீட்டர்), நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டர், ஷியோக் ஆற்றங்கரை, பாங்காங் ஏரி, சாங் லா கணவாய் வழியாக மீண்டும் லே. ஹுண்டரில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு, பின்னணியில் பனிச்சிகரங்கள். ஆனால் வழியின் பெரும்பகுதி மரமே இல்லாத மலைகள்தாம். எங்கோ ஓரிடத்தில் பச்சைத் திட்டு தெரியும். அங்கே பனி உருகி ஓர் ஓடை இறங்கும். அதையொட்டிப் பாப்லர் மரங்கள், பார்லி வயல், சில வீடுகள். ஓடை இல்லாத இடத்தில் ஊரும் இல்லை.

இவற்றை வெறும் படக்காட்சியாகக் காட்டினால் மாணவர்கள் வியப்பார்கள், கருத்து நிற்காது. எனவே நான்கு செயல்பாடுகளாக அமைத்தேன்.

செயல்பாடு 1: சுவரில் மழை

லே பெறும் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மி.மீ.; நம் காஞ்சிபுரத்தில் 1,100 மி.மீ.க்கும் மேல். இவ்விரு அளவுகளையும் வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து அளந்து சாக்பீஸால் கோடிடச் செய்தேன். ஒன்று கணுக்கால் அளவு; மற்றது மார்பளவு. வரையறையை மாணவர்களே சொன்னார்கள்.

செயல்பாடு 2: மேகத்தைத் தடுக்கும் மலை

பருவக்காற்றின் ஈரத்தை இமயமலையின் தென்சரிவு வாங்கிக்கொள்கிறது. வடக்கே வறண்ட காற்றே செல்கிறது. நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. கிழக்கே கோயம்புத்தூர் மழை மறைவுப் பகுதி. இரண்டையும் வரைபடத்தில் குறித்த பின் லடாக்கிற்குச் சென்றால் விளக்கம் எளிது.

செயல்பாடு 3: உப்பிய பொட்டலம்

சென்னையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் கர்துங் லாவில் பந்துபோல் உப்பியது. அந்தப் படத்தைக் காட்டிக் காரணம் கேட்டேன். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். பாங்காங் கரையில் நீர் சுமார் 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேகப் பிரஷர் குக்கர் வேண்டும். அறிவியல் ஆசிரியருடன் இணைந்து நடத்த ஏற்ற பகுதி இது.

செயல்பாடு 4: நீரைப் பங்கிடுபவர்

லடாக் கிராமங்களில் ஓடை நீரை வயல்களுக்கு முறைவைத்துப் பங்கிடுபவர் ‘சுர்போன்’. நம் ஏரிப் பாசனத்தில் அந்த வேலையைச் செய்தவர் நீர்க்கட்டி. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். நீர்க்கட்டிக்கு அறுவடையின்போது களத்திலேயே நெல் அளந்த வழக்கத்தை ஒரு மாணவியின் தாத்தா சொல்லியனுப்பினார். ‘நம்ம ஏரியில் இப்போது மடையைத் திறப்பது யார்?’ என்று மற்றொரு மாணவன் எழுதியிருந்தான். அந்தக் கேள்வியை விவாதிக்க ஒரு பாடவேளை முழுதும் ஒதுக்கினேன்.

தொடர்ச்சியாக, சோனம் வாங்சுக்கும் செக்மோல் மாணவர்களும் 2013–14 குளிர்காலத்தில் முயன்று பார்த்த பனி ஸ்தூபியைச் சொல்லலாம். குளிர்காலத்தில் வீணாகும் ஓடை நீரைக் குழாய் வழியே பீய்ச்சி, கூம்பாக உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகவிடும் முறை அது. சம எடைப் பனிக்கட்டியை ஒரு தட்டில் கட்டியாகவும், மற்றொன்றில் தூளாக்கிப் பரப்பியும் வெயிலில் வைத்தால், எது மெதுவாக உருகும், ஏன் என்பது விளங்கும்.

இப்பாடத்திற்கு ஆசிரியர் லடாக் செல்ல வேண்டியதில்லை. சாக்பீஸ், வரைபடம், பனிக்கட்டி, வீட்டுப் பெரியவர்களின் நினைவு ஆகியவை போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. அண்டார்க்டிகாவைப் பாலைவனம் எனலாமா? காரணம் கூறுக.
2. கோயம்புத்தூரையும் லேயையும் ஒப்பிடுக.
3. 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பால் பெருவெள்ளம் ஏற்பட்டு 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை அரிதான ஊரின் மண் வீடுகளுக்கு அத்தகைய மழையால் என்ன நேரும்?
4. 1,100 மி.மீ. மழை பெறும் ஊரிலும் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வருவது ஏன்?