கொதிக்கும் மொறிஸ் மைனர்: குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்களுக்குக் காணியும் கிணறும் போனபின் மிஞ்சியிருப்பது ஒரு பழைய கார் மட்டுமே. குத்தகைக் காணியில் விளைந்த கத்தரியையும் வெங்காயத்தையும் அதுதான் சந்தைக்குச் சுமக்கிறது. அது பாதி வழியில் கொதித்து நின்றால் அன்றைய உழைப்பு வெயிலில் வாடிவிடும். கொதிக்கும் எஞ்சினை "இன்னும் இரண்டு கட்டைதானே" என்று ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். ஹெட் வளைந்து காஸ்கற் எரிந்துவிட்டால் ஒரு போகத்தின் வருமானம் கராச்சுக்கே போய்விடும்.

இந்தப் பாடத்துக்கு மொறிஸ் மைனர் 1000 காரை எடுத்துக்கொள்கிறோம். 1956இல் 948 சீசீ எஞ்சினுடனும், 1962இலிருந்து 1098 சீசீ எஞ்சினுடனும் வந்த வண்டி இது. நம் ஊர்களில் இன்னும் ஓடுகிறது. ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும். மைனரில் வெப்பமானி கிடையாது. ஆகவே கண்ணும் மூக்கும் காதுமே வெப்பமானி. இழுவை குறைதல், ஏற்றத்தில் "டிங் டிங்" என்ற தட்டல், சூடான இரும்பு வாசம் ஆகியன ஆவி கிளம்புமுன் வரும் அறிகுறிகள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 111 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் தளர்த்திய கணமே அது முழுவதும் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி முக்கால் மணித்தியாலமாவது காத்திருங்கள். சூடான எஞ்சினிற் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றுவதும் தவறு. வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. சில இருசக்கர உழவு இயந்திரங்களின் நீர்த்தொட்டி திறந்தது. அதில் நீர் கொதித்து ஆவியாவதாலேயே எஞ்சின் குளிர்கிறது. அந்தப் பழக்கத்தில் "கொதித்தால் என்ன, தண்ணீர் விட்டால் சரி" என்று காரிலும் நினைத்துவிடுகிறோம். காரில் நீர் கொதிப்பது எப்போதும் நோய்தான்.

இனி, எப்போது கொதிக்கிறது என்று பாருங்கள். பாதி நோய் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நின்றுகொண்டிருக்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் கொதித்து, வேகமாகப் போனால் ஆறிவிடுகிறதா? அப்படியானால் காற்றோட்டம் போதவில்லை. பான் பெல்ற்றை நடுவில் விரலால் அழுத்துங்கள். அரை அங்குலமளவு உள்ளே போவது சரி. தொங்கினால் அது வழுக்குகிறது. மைனரில் டைனமோவும் நீர்ப் பம்பும் காற்றாடியும் ஒரே பெல்ற்றில் ஓடுகின்றன. ஆகவே ஓடும்போது டாஷ்போர்ட்டிற் சிவப்பு விளக்கு எரிந்து, சற்று நேரத்தில் எஞ்சினும் கொதித்தால் பெல்ற் அறுந்துவிட்டது என்று இறங்கிப் பார்க்குமுன்பே சொல்லலாம். ரேடியேற்றரின் முன்பக்கத்தையும் பாருங்கள். வைக்கோல், பூச்சி, செம்மண் சேறு அடைத்திருந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீர் அடித்துக் கழுவுங்கள்.

ஸ்ரார்ட் செய்து சில நிமிடங்களுக்குள்ளேயே கொதிக்கிறதா? தெர்மோஸ்ராற் மூடியபடி இறுகியிருக்கலாம். அதைக் கழற்றி, நூலிற் கட்டி, அடுப்பில் வைத்த நீர்ச்சட்டியிற் தொங்கவிடுங்கள். நல்ல தெர்மோஸ்ராற் நீர் கொதிக்குமுன்பே, 80 பாகையை அண்டித் திறக்கத் தொடங்கும். நீர் தளதளவென்று கொதித்தும் அது அசையாவிட்டால் எறிந்துவிடுங்கள். "வெயில் நாட்டுக்கு இது எதற்கு" என்று சிலர் கழற்றிவிட்டே ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் எரியாத எண்ணெய் ஒயிலிற் கலந்து, உள்ளே தேய்மானம் கூடும். உண்மையான குறையும் மறைந்து கிடக்கும்.

தூரப் பயணத்திலும் பாரம் ஏற்றும்போதும் மட்டும் கொதிக்கிறதா? நம் பகுதியில் இதற்கு முதற் காரணம் நாமே ஊற்றும் தண்ணீர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். அதன் ஊடாக ஊறி வரும் கிணற்று நீர் வன்னீர். தேத்தண்ணீர்க் கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைக் காறையைப் பார்த்திருப்பீர்கள். அதே காறை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சின் பிளாக்கின் உட்சுவரிலும் படிகிறது. சுண்ணப் படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் சூடு இரும்பிலேயே தங்கிவிடும். கரையோரத்து உவர்நீர் இன்னும் கெட்டது. அது உலோகத்தையே அரிக்கும். மாரி மழையிற் கூரையிலிருந்து பிடித்து வடித்த நீரே காருக்கு உகந்தது. ஒரு கானில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். மைனருக்கு வேண்டியது ஆறு லீற்றருக்குள்தான்.

அடைப்பைச் சோதிப்பது எளிது. எஞ்சின் சூடேறியதும் நிறுத்திவிட்டு, காற்றாடி நின்றபின், ரேடியேற்றரின் முகத்தைப் புறங்கையால் மெல்லத் தடவுங்கள். மேலிருந்து கீழாகச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். இடையிற் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டுள்ளன. வாய்க்காலில் ஒரு பாத்திக்கு மட்டும் நீர் போகாததைப் போன்றது இது. ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கீழ்வாயால் நீர் செலுத்திக் கழுவுங்கள். பிளாக்கின் நீர்த் திருகியையும் திறந்துவிடுங்கள். நீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது. கம்பியாற் குத்தினால் வரும். பின்பக்கத்து நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம் தேங்கும். காறை கல்லாகிவிட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது. ரேடியேற்றர் ஒட்டுபவரிடம் கொடுத்து, மேற்தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டு எடுக்க வேண்டும். கீழ்க் குழாயையும் பாருங்கள். றப்பர் நைந்திருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது பம்பின் உறிஞ்சலில் அது ஒட்டிப்போய் நீரை மறித்துவிடும்.

நீர்ப்பாதை முழுவதும் சுத்தமாக இருந்தும் கொதிக்கிறதா? இதற்கு நான் கண்ட ஒரு காரைச் சொல்கிறேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மைனர் அது. தடைக்காலத்தில் எல்லாரையும் போல அவர்களும் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும். அதைத் தவிர்க்கப் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்பது அன்றைய வழக்கம். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது; மண்ணெண்ணெயை விட்டார்கள். நேரத்தை மட்டும் யாரும் திருப்பி வைக்கவில்லை. கார் கொதித்தது. ஒரு கராச்சில் ரேடியேற்றர் மாற்றினார்கள், பிறகு பம்ப், பிறகு காஸ்கற். அந்த வீட்டம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடைவுக்குப் போயிற்று. கடைசியில் டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பியதும் கொதிப்பு நின்றது. பத்து நிமிட வேலை.

பொறி பிந்தி விழுந்தால் எரிதலும் பிந்தும். சூடு வேலையாக மாறாமல் சுவரிலும் புகைக்குழாயிலும் இறங்கும். பொயின்ற் இடைவெளி தேய்ந்து ஒடுங்கினாலும் இதே குறை வரும். அது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். நேரக்குறியை எஞ்சினுக்குரிய கைநூலின்படி வையுங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைப் பொருள் வாங்குமுன் செய்யுங்கள்.

வெளியே ஒழுக்கு இல்லாமல் நீர் குறைகிறதென்றால் காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினிற் பெல்ற்றைக் கழற்றி, ரேடியேற்றரை விளிம்புவரை நிரப்பி, மூடாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். தொடர்ந்து குமிழிகள் வந்தால் எரிவாயு நீருக்குள் புகுகிறது. ஒயில் குச்சியிற் பால் கலந்த தேத்தண்ணீர் நிறம் தெரிந்தாலும் அதே கதைதான். அதன்பின் காரை ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றும்போது அது வளைந்துள்ளதா என்று நேர்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பினால் சூட்டில் விரிந்த நீர் வழிகுழாயால் வெளியேறும். அது குறையன்று. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் நின்றாற் போதும். திருத்திய மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மட்டம் அதற்கும் கீழே போயிருந்தால், பம்பின் கழுத்தடியில் உள்ள சிறு துவாரம் ஈரமாக இருக்கிறதா என்று விரலாற் தொட்டுப் பாருங்கள்.