கழுத்தில் டை கட்டிய கற்காலம்



‘தி ஃப்ளிண்ட்ஸ்டோன்ஸ்’ அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1960 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தொடங்கிய கார்ட்டூன் தொடர். 1966 ஏப்ரல் 1 வரை ஆறு சீசன்களாக 166 எபிசோடுகள் ஓடியது. அதுவரை தொலைக்காட்சியில் கார்ட்டூன் என்றால் பிள்ளைகளை உட்கார வைக்கப் பகலில் போடுவது. வேலை முடித்து வந்த பெரியவர்கள் பார்க்கிற இரவு நேரத்தில், அரை மணி நேரக் குடும்பக் கதையாக வந்து ஆறு வருடம் தாக்குப்பிடித்த முதல் கார்ட்டூன் இதுதான். இதைவிட நீளமாக ஓடிய இரவுநேரக் கார்ட்டூனாக ‘தி சிம்ப்ஸன்ஸ்’ ஆனது 1997இல். இந்தியாவுக்கு 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன், இரவானால் அதே சேனலில் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஆங்கிலப் படங்கள். தொடரின் நாயகன் ஃப்ரெட்டும் அவன் கூட்டாளி பார்னியும் இங்கே பலருக்கு அறிமுகமானது அந்தச் சேனலில்தான்.

கதை நடக்கும் கற்கால ஊர் பெட்ராக். நம் பக்கத்தில் போர்வெல் போடும்போது மண் முடிந்து பாறை தட்டுகிறதே, அந்த அடிப்பாறைக்கு ஆங்கிலத்தில் பெட்ராக் என்று பெயர். பாத்திரங்களின் பெயரெல்லாம் இதே ரகம். ஃப்ரெட் ஃப்ளிண்ட்ஸ்டோனின் குடும்பப் பெயர் சிக்கிமுக்கிக் கல். பக்கத்து வீட்டு பார்னி ரபிள், உடைந்த கல்லும் சல்லியும். ஃப்ரெட்டின் மகள் பெபிள்ஸ், கூழாங்கல். முதலாளி மிஸ்டர் ஸ்லேட், பள்ளிக்கூட சிலேட்டு செய்கிற அதே கல். ஹாலிவுட் ஹாலிராக் ஆகும், நடிகர் டோனி கர்ட்டிஸ் ஸ்டோனி கர்ட்டிஸ் ஆவார். இந்தப் பெயர் விளையாட்டு பத்து எபிசோடுக்கு மேல் கொஞ்சம் அலுப்புத் தட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியவர்களுக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

தொடரை உண்டாக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பேரா. இருவரும் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ செய்தவர்கள். அந்தப் பூனையும் எலியும் ஏழு ஆஸ்கர் விருது வாங்கின. 1957இல் எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியதும் இருவரும் சொந்தக் கம்பெனி தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அங்கே கிடைத்த பணம் சினிமாப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் படம் வரையும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒருவன் பேசினால் உடம்பு முழுவதையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டாம். வாயையும் தலையையும் மட்டும் மாற்றி வரைந்தால் போதும். உடம்பு ஒரு தாளில் அப்படியே நிற்கும், தலை இன்னொரு தாளில் அசையும். இரண்டும் சேரும் இடம் கண்ணில் படாமல் இருக்கக் கழுத்தில் ஏதாவது இருந்தால் வசதி. இந்தக் கம்பெனியின் மிருகங்கள் பலவற்றுக்குக் காலரும் டையும் இருப்பது இதனால்தான். சிறுத்தைத்தோல் மாதிரி புள்ளி போட்ட உடுப்பு அணிந்து வெறுங்காலோடு நிற்கும் ஃப்ரெட்டின் கழுத்தில் நீலநிற டை தொங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு அது நகைச்சுவை, வரைகிறவர்களுக்கு அது மிச்சப்படுத்தும் வழி. ஓடும் காட்சியில் பின்னால் அதே மரம், அதே வீடு, அதே பாறை மறுபடி மறுபடி வந்துபோவதும் இந்தச் சிக்கனத்தின் வேலை. அசைவு குறைந்த இடத்தைக் குரலும் வசனமும் நிரப்பின. ஃப்ரெட்டுக்கு ஆலன் ரீட், அவன் மனைவி வில்மாவுக்கு ஜீன் வாண்டர் பைல், பார்னிக்கு மெல் பிளாங்க் குரல் கொடுத்தார்கள். 1961 ஜனவரியில் மெல் பிளாங்க் கார் விபத்தில் சிக்கிப் படுத்த படுக்கையானபோது சில எபிசோடுகளுக்கு டாஸ் பட்லர் பேசினார். பிறகு ஒலிப்பதிவுக் கருவி பிளாங்கின் கட்டிலருகே போனது. படுத்தபடியே அவர் பார்னியாகச் சிரித்தார்.

கதைக்கு முன்மாதிரி 1955-56இல் வந்த ‘தி ஹனிமூனர்ஸ்’ என்ற நடிகர்கள் நடித்த நகைச்சுவைத் தொடர். அதில் வரும் பஸ் டிரைவர் சத்தம் போடுவான், குறுக்கு வழியில் பணக்காரனாகப் பார்ப்பான், மனைவியிடம் தோற்பான். ஃப்ரெட்டும் அப்படியே. கற்காலம் என்பது அந்தக் குடும்பத்தின் மேல் போர்த்திய தோல்தான். 1959இல் எடுத்த ஒன்றரை நிமிட மாதிரிப் படத்தில் குடும்பத்தின் பெயர் ஃப்ளாக்ஸ்டோன். ஒரு பத்திரிகைப் படக்கதைக் குடும்பத்துக்கு ஏறக்குறைய அதே பெயர் இருந்ததால் மாற்றினார்கள்.

பெட்ராக்கில் 1960இன் அமெரிக்கா முழுசாக இருக்கிறது. கார், டெலிபோன், பவுலிங் விளையாட்டு, ஹோட்டல், தவணைக் கடன் எல்லாம் உண்டு. மின்சாரம் மட்டும் இல்லை. அதன் இடத்தில் மிருகங்கள். குட்டி மாமூத் தும்பிக்கையால் தூசி உறிஞ்சும். பறவை தன் அலகைக் கல் தட்டின் மேல் வைத்தால் பாட்டு வரும். கேமராவுக்குள் இருக்கும் பறவை அலகால் கல்லைக் கொத்திப் படம் எடுத்துத் தரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு பன்றி மிச்சம் மீதியைத் தின்னும். வேலை முடிந்ததும் அந்த மிருகம் பார்வையாளர் பக்கம் திரும்பி, எல்லாம் வயிற்றுப் பிழைப்பு என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லும். தொடரின் மிகச் சிறந்த தருணங்கள் இவைதான். ஃப்ரெட்டின் கூச்சல் எதுவும் அந்த ஒரு பெருமூச்சுக்கு ஈடாகாது.

மிருகம் உத்தியோகம் பார்ப்பது சித்தூர் மாவட்டத்து நம் ராமகுப்பத்துக்குப் புதிதல்ல. மண்டலத்திலேயே நானியாலாவில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. கௌண்டின்யா சரணாலயக் காட்டிலிருந்து இறங்கி ராகியையும் வாழையையும் மேயும் காட்டு யானைகளை விரட்ட அங்கே பழக்கிய கும்கி யானைகளை வைத்தார்கள். தன் இனத்தையே விரட்டி, கூலியாகக் களியும் வெல்லமும் வாங்கும் கும்கி பெட்ராக்கில் இருந்திருந்தால் என்ன வசனம் சொல்லியிருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஃப்ரெட்டின் வேலை கல் குவாரியில். தொடக்கக் காட்சியில் மேஸ்திரி ஒரு பறவையின் வாலை இழுக்கிறான். அது சங்கு ஊதுவதுபோல் அலறுகிறது. ஃப்ரெட் தான் ஓட்டிக்கொண்டிருந்த டைனோசரின் முதுகிலிருந்து வால்வழியே சறுக்கி நேராகக் காரில் விழுகிறான். குப்பம் பக்கத்துக் குவாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ‘குப்பம் கிரீன்’ என்று வியாபாரிகள் சொல்லும் பச்சை கிரானைட் இங்கிருந்துதான் போகிறது. பாறையில் கம்ப்ரசர் ஓட்டி வரிசையாகத் துளை போட வேண்டும், ஆப்பு இறக்க வேண்டும் அல்லது வைரம் பதித்த கம்பியால் அறுக்க வேண்டும். பிறகுதான் பிளாக் தனியே வரும். மிஷின் வராத காலத்தில் உளியால் போட்ட துளை வரிசை, வயல் ஓரத்துப் பாறை பலவற்றில் பல் வைத்துக் கடித்த மாதிரி இன்னும் தெரியும். டைனோசர் வேலையை இப்போது ஹிட்டாச்சி பார்க்கிறது.

எபிசோடுகளில் முதலில் ஒளிபரப்பானது ‘தி ஃப்ளிண்ட்ஸ்டோன் ஃப்ளையர்’. பார்னி காலால் இயக்கும் பறக்கும் வண்டி ஒன்று செய்கிறான். மனைவிமார் இருவரும் நாலு பேருக்கும் சேர்த்து ஆப்பரா டிக்கெட் வாங்கி வைத்திருக்க, ஃப்ரெட் உடம்பு சரியில்லை என்று படுத்து நடிக்கிறான். பார்னி துணைக்கு இருப்பதாகச் சொல்கிறான். பிறகு இருவரும் அந்த வண்டியில் பவுலிங்குக்குப் பறக்கிறார்கள். உண்மையில் முதலில் தயாரானது ‘தி ஸ்விம்மிங் பூல்’. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு நீச்சல் குளம் வெட்டி, பிறகு யார் குளம் என்று சண்டை. பொதுக் கிணற்றில் பங்கு வைத்து மோட்டார் போடும் நாள் கணக்கில் தகராறு பார்த்த எந்த ஊருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அதே 1960இல் வந்த ‘தி ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’யில் தலையில் பாட்டில் விழுந்து ஃப்ரெட் திடீரென்று நாகரிகமான கனவானாகிவிடுகிறான். வில்மா முதலில் மகிழ்கிறாள். கொஞ்ச நாளில் பழைய முரடனே தேவலை என்று ஆகிறது. 1961இல் ஃப்ளிண்ட்ஸ்டோன்ஸ் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதுப் பட்டியலில் இடம் பிடித்தது. ஒரு கார்ட்டூன் அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. ஆரம்ப நாளில் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் வின்ஸ்டன் சிகரெட். ஃப்ரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புகை விடும் விளம்பரங்கள் இன்று பார்த்தால் திக்கென்று இருக்கும். பின்னால், 1968இல், இதே உருவங்களில் பிள்ளைகளுக்கு வைட்டமின் மாத்திரை வந்தது.

மூன்றாம் சீசனில், 1962இல், எல்லாருக்கும் தெரிந்த முகப்புப் பாட்டு வந்தது. அதற்கு முன் வேறு இசை. 1963 பிப்ரவரி 22 அன்று ‘தி பிளெஸ்ஸட் ஈவன்ட்’ எபிசோடில் பெபிள்ஸ் பிறந்தாள். முதலில் பையன் என்றுதான் திட்டம். பொம்மைக் கம்பெனிக்காரர் ஒருவர் பெண் குழந்தை என்றால் பொம்மை நன்றாக விற்கும் என்று சொல்ல, ஒரே பேச்சில் பையன் பெண்ணானான் என்று பார்பேரா பின்னாளில் சொன்னார். அதே வருடம் அக்டோபர் 3 அன்று வந்த ‘லிட்டில் பாம்-பாம்’ இந்த 166இல் தனியாக நிற்கிறது. பார்னிக்கும் அவன் மனைவி பெட்டிக்கும் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையை நாள் முழுதும் தூக்கி வைத்திருக்கும் அவர்களிடம் ஃப்ரெட் எரிந்து விழுகிறான். இருவரும் வீட்டுக்குப் போய் விழும் நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் வாசலில் ஒரு குழந்தை. பிறகு தத்தெடுக்கக் கோர்ட்டு, வக்கீல் என்று கதை போகிறது. பிள்ளை இல்லாத வருத்தத்தைக் கேலி செய்யாமல் ஒரு கார்ட்டூன் அன்றைக்குச் சொன்னது பெரிய காரியம். அதற்குச் சற்று முன், செப்டம்பர் 19 அன்று, நடிகை ஆன்-மார்கரெட் ‘ஆன்-மார்க்ராக்’ ஆக வந்தார். பெரிய நட்சத்திரம் என்று தெரியாமல் அவரிடமே ஃப்ரெட் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறான். கடைசி சீசனில், 1965 அக்டோபரில், வேற்றுக் கிரகத்திலிருந்து கசூ என்ற பச்சைக் குள்ளன் வந்து சேர்ந்தான். கதை தீர்ந்துபோனதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அடுத்த ஏப்ரலில் தொடர் நின்றது.

தொடர் காட்டும் கற்காலத்தில் எது சரி என்று பார்த்தால், அநேகமாக எதுவும் இல்லை. டைனோசர்கள் 6.6 கோடி வருடத்துக்கு முன் அழிந்தன. நம் மனித இனம் தோன்றி மூன்று லட்சம் வருடம்தான் ஆகிறது. டைனோசர் எலும்பு அரியலூர்ப் பக்கம் கிடைக்கும், அங்கே கடல் படிவுப் பாறை உண்டு. ராமகுப்பத்துப் பாறையில் எவ்வளவு தேடினாலும் எலும்பு வராது. கோலார் தங்க வயலிலிருந்து பிசாநத்தம் வரை நீளும் இந்தப் பாறைகள் 250 கோடி வருடத்துக்கும் மேல் பழசு. அப்போது எலும்புள்ள உயிரே கிடையாது.

உண்மையான கற்கால வீடு எப்படி இருந்தது என்பது பக்கத்திலேயே தெரிந்தது. ஃப்ளிண்ட்ஸ்டோன்ஸின் ஐந்தாவது சீசன் ஓடிக்கொண்டிருந்த 1964-65இல், திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை குழி போட்டது. சுமார் 3,500 வருடத்துக்கு முந்தைய புதிய கற்கால மக்கள் அங்கே தரையைக் குடைந்து பள்ளம் தோண்டி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே கூரை போட்டு இருந்தார்கள். கல் வீடு இல்லை. கருகிய கொள்ளும் பச்சைப் பயறும் கிடைத்தன. நம் வீட்டு அடுப்பில் வேகும் அதே கொள்ளு.

பெட்ராக் மாதிரிப் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் ஈரலபண்டாவிலும் கிருஷ்ணகிரி அருகே மல்லசந்திரத்திலும் அவற்றைப் பார்க்கலாம். தமிழில் கல்திட்டை என்பார்கள். ஊர்மக்களுக்குப் பாண்டவர் வீடு, தெலுங்கில் பாண்டவ குள்ளு. ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும், சின்னப் பிள்ளை நுழையலாம். அவை கற்காலத்தவை அல்ல, இரும்புக் காலத்தவை. பாண்டவர்களும் இல்லை, யாரும் குடியிருந்ததும் இல்லை. இறந்தவர்களுக்காகக் கட்டியவை. உயிரோடு இருந்தவர்கள் கூரைக் குடிசையில்தான் இருந்தார்கள். அதில் இன்று ஒன்றும் மிஞ்சவில்லை.

புதிய கற்காலத்துக் கருவி மட்டும் இப்போதும் கையில் படும். உள்ளங்கை அளவு, முக்கோணம் போன்ற கறுப்புக் கல். பின்பக்கம் கூர்த்து, முன்பக்கம் அகன்று, அந்த விளிம்பை மட்டும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். பெரும்பாலும் டோலரைட், மலைக்குக் குறுக்கே கறுப்புச் சுவர் மாதிரி ஓடும் கல். சிக்கிமுக்கி இல்லை. ஜவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் ஏர் ஓட்டும்போது கிடைத்த இப்படிப்பட்ட கோடாரிகளை மரத்தடியில் சாத்தி வைத்து, பொட்டிட்டுப் பிள்ளையார் என்று கும்பிடுகிறார்கள்.