லாகின் செய்யும் முன் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள்

மூவாயிரம் கிலோமீட்டர் அல்லது மூன்று மாதம், இதில் எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். 100 சிசி வண்டிகள் பலவற்றின் கையேடு இப்படித்தான் சொல்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வருபவருக்கு இது சரி. நாளுக்கு 100 கி.மீ. டெலிவரி ஓட்டுபவர் அந்த மூவாயிரத்தை ஒரே மாதத்தில் தாண்டிவிடுகிறார். சிக்னலுக்குச் சிக்னல், தெருவுக்குத் தெரு நின்று நின்று போவதால் அவருடைய பிரேக் ஷூ இன்னும் வேகமாகத் தேய்கிறது. ஆகவே உணவோ மருந்தோ கூரியரோ, பைக்கை வைத்துச் சம்பாதிக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது, காலண்டரை விட்டுவிட்டு ஓடோமீட்டரைப் பார்ப்பது. அடுத்தது, இரண்டு சர்வீஸுக்கு நடுவில் பிரேக்கையும் டயரையும் தன் கையாலேயே பார்க்கப் பழகுவது. மெக்கானிக் மாதம் ஒருமுறைதான் வண்டியைப் பார்க்கிறார். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

காலையில் ஐந்து நிமிடம் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசிக்கொண்டு நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோலும் குடிக்கும், ஷூவும் கருகும். பிறகு பிரேக் மிதியைக் கையால் அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி எவ்வளவு சும்மா இறங்குகிறது என்பதுதான் ‘ப்ளே’. சிறிய வண்டிகளில் பின் மிதிக்கு 20 முதல் 30 மி.மீ., முன் லீவருக்கு 10 முதல் 20 மி.மீ. இருப்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். அதைவிட அதிகமாக இறங்கினால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை வலப்பக்கம் திருகி இறுக்கலாம். அரைச் சுற்று திருகிவிட்டு மறுபடி சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். நட்டில் உள்ள பள்ளம், கம்பி இழுக்கும் பிரேக் கையின் ஊசியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஓட ஓட நட்டு தானே தளரும். கடைசியாக மிதியை அழுத்தும்போது பின்விளக்கு எரிகிறதா என்பதைச் சுவரில் விழும் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

செயினை இறுக்கிய பிறகு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கும்போது பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபட்டு ப்ளே குறைந்துவிடும். செயின் இறுக்கிய அன்று சாயங்காலம் வண்டி இழுக்கவில்லை, டிரம் தொட்டால் சுடுகிறது என்று வருபவர்களிடம் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

நட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் இறுக்கிக்கொண்டே போகலாம் என்று நினைக்க வேண்டாம். டிரம்மின் மூடியில், பிரேக் கையின் அடியில் ஒரு சிறிய அம்புக்குறியும் அதற்கு எதிரே ஒரு முக்கோண அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. சில பட்டறைகளில் இங்கே ஒரு குறுக்குவழி செய்கிறார்கள். பிரேக் கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பிரேக் புதிதுபோலப் பிடிக்கும். அன்றைக்குச் செலவும் மிச்சம். ஆனால் தேய்ந்த ஷூ தேய்ந்ததுதான். உள்ளே ஷூவைத் தள்ளும் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் அப்படியே சிக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதை யார் செய்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு ஜோடி ஷூ சில நூறு ரூபாய். கை உடைந்து வீட்டில் படுத்தால் போகும் வாரங்களின் வருமானத்தோடு அதை ஒப்பிட வேண்டியதே இல்லை. ஷூ மாற்றும்போது டிரம்மின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் அதிலேயே பொறித்திருக்கும். டிரம் வரிவரியாகக் குழி விழுந்திருந்தால் புது ஷூவையும் அது சீக்கிரம் தின்றுவிடும்.

சத்தங்களை வைத்தும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். மழை இரவுக்குப் பின் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் ‘கீச்’ என்றால் ஈரம், பயமில்லை. நாள் முழுக்கக் கீச்சிட்டால் ஷூவின் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாகியிருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் என்றால் அடுத்த ஆர்டரை எடுக்காமல் நேராகப் பட்டறைக்குப் போங்கள். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதுவதும் கம்ப்ரஸர் காற்றால் அடிப்பதும் பல இடங்களில் பழக்கம். பழைய, மலிவான ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களின் நலனுக்காகவும் இதைச் சொல்லியாக வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. சி.பி.எஸ். இருக்கும் பைக்கில் பின் மிதியை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும். அதனால் முன் லீவரைத் தொடாதவருக்கும் முன் ஷூ தேயும். அதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கேபிளை மட்டும் நீங்களாக முறுக்க வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பங்கு முன்னால் சாய்கிறது. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்சக்கரம்தான். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். போனைப் பார்த்து நிமிரும் நேரம் அது.

டிஸ்க் பிரேக் இருந்தால் வேலை குறைவு. பேடில் உள்ள பள்ளம் மறையுமுன் மாற்றுவது, பிரேக் ஆயிலின் அளவைப் பார்ப்பது, அந்த ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது, அவ்வளவுதான். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் ‘பொதபொத’ என்று போகும். மூடியில் எந்த வகை போடச் சொல்லி எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே ஊற்றுங்கள்.

டயர் விஷயத்தில் முக்கால் பங்கு காற்றுதான். முன்சக்கரத்துக்கு 25, ஒற்றை ஆள் போனால் பின்சக்கரத்துக்கு 28 பி.எஸ்.ஐ. என்பது பல 100 சிசி பைக்குகளின் கணக்கு. பின்னால் ஆள் ஏறினால் அதற்குமேல் வேண்டும். எவ்வளவு என்பது செயின் கவரிலோ அதன் அருகிலோ ஸ்டிக்கரில் இருக்கும். வேலைக்கு ஓட்டுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பின்னால் ஆள் இல்லையே என்று ஒற்றை ஆள் காற்றிலேயே ஓடுகிறார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வைத்தாலே 40 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 30 கிலோ வரும். அதுவும் ஆள்தான். பின்னால் ஆள் இருக்கும்போது வைக்கும் காற்றையே வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாகுமுன் பாருங்கள். மத்தியான வெயிலில் ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்கின் இலவசக் காற்றே நம் வண்டிக்குப் போதும், வாரம் தவறாமல் அடித்தால்.

டியூப் உள்ள டயரில் காற்று குறைந்தே ஓடினால் இன்னொரு ஆபத்து. பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம்மின் மேல் டயர் நகரும்; உள்ளே டியூபும் கூடவே நகரும். வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுதான் இதன் அடையாளம். கண்டுகொள்ளாமல் விட்டால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும், அதை ஒட்ட முடியாது. சாய்ந்த வால்வைப் பார்த்த அன்றே பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றை இறக்கி, டியூபை நேராக்கிக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து திரி சொருகுவது அன்றைய வேலையை முடிக்க உதவும். டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதுதான் நிலைக்கும். பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை விழுந்த டயரை ஒட்டவே வேண்டாம்.

எப்போது மாற்றுவது? பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் சிறிய மேடுகள் இருக்கும். அந்த மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. இருசக்கர வண்டிக்கு மோட்டார் வாகன விதிகள் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ. ஆனால் மழையில் ஓட்டியே தீர வேண்டியவர் அதுவரை காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஐப்பசி மழை தொடங்குமுன், அதாவது புரட்டாசிக்குள் டயரைப் பார்த்துவிடுங்கள். பள்ளம் வழியாகத் தண்ணீர் வெளியேறினால்தான் ரப்பர் தாரைத் தொடும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, லாரியில் இருந்து சிந்திய எம்-சாண்ட் மூன்றும் மொட்டை டயருக்கு எமன். பின் டயரை மட்டும் மாற்றி, முன் டயரை வருடக்கணக்கில் விடுவதும் வேண்டாம்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் தயாரானது. கடையில் வருடக்கணக்கில் தூங்கிய டயரைத் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்பு இருந்தால் மாட்டியபின் சரிபாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்; தயாரிப்புக் குறை தெரிந்தால் கம்பெனியிடம் கேட்க அதுதான் ஆதாரம். அன்றைய ஓடோமீட்டர் எண்ணைப் பில்லின் பின்னாலேயே எழுதிவைத்தால் அடுத்த டயருக்கு எப்போது பணம் சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

புது டயரின் மேல்தோல் முதல் 100, 150 கி.மீ. வரை வழுக்கும். புது ஷூவும் டிரம்மோடு பொருந்தக் கொஞ்சம் ஓட வேண்டும். ஆகவே இரண்டையும் தீபாவளி வாரத்து நெருக்கடியிலோ மழை பிடித்த நாளிலோ மாற்றாமல், ஆர்டர் குறைந்த ஒரு வார நாளின் காலையில் மாற்றிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் பக்கத்து ஏரியாவுக்குள்ளேயே ஓட்டுங்கள்.