முகம் தெரியாத அணியோடு 320 கிலோமீட்டர்: ஹூட் டு கோஸ்ட் ரிலேவுக்கு முழுமையான வழிகாட்டி

இது என்ன ஓட்டம்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் ரிலே இது. 1982-ல் வெறும் 8 அணிகளோடு தொடங்கியது. ஹூட் மலையில் உள்ள டிம்பர்லைன் லாட்ஜில் புறப்பட்டு, பசிபிக் கரையோரச் சீசைடு ஊரில் முடியும். தூரம் சுமார் 320 கிலோமீட்டர். அணிக்கு 12 பேர், மொத்தம் 36 லெக் (ஒருவர் ஒரு முறை ஓடும் பகுதி), ஆளுக்கு மூன்று. ஆறு ஆறு பேராக இரண்டு வேன்கள். ஒரு வேன் ஓடும்போது மற்றது சாப்பிட்டுத் தூங்கும். ராத்திரியிலும் ஓட்டம் நிற்காது.

இடம் கிடைப்பது எப்படி?

அணிகள் பல மாதம் முன்பே பதிவுசெய்துவிடும். ஆனாலும் கடைசி வாரங்களில் ஒருவருக்கு முழங்கால் பிடிக்கும், ஒருவருக்கு லீவு கிடைக்காது. கேப்டன்கள் மாற்று ஆள் தேடுவது அப்போதுதான். போர்ட்லாந்து பக்கத்து ஓட்டக் குழுக்களிலும் ஷூ கடைகளிலும் சொல்லி வைப்போம்.

முதல் கேள்வி, "10 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுவீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். உள்ளதைச் சொல்லுங்கள். 70 நிமிடக்காரர் 55 என்று சொன்னால், அடுத்து ஓட வேண்டியவர் குளிரில் கால் மணி நேரம் காத்து நிற்பார். தூங்கும் வேனையும் வீணாக எழுப்பிவிடுவார்கள். மெதுவாக ஓடுபவரை எந்த அணியும் தாங்கிக்கொள்ளும். தப்புக் கணக்கைத் தாங்குவதுதான் கஷ்டம்.

இறக்கம்தானே என்று முதல் லெக்கைக் கேட்டு வாங்காதீர்கள். கிட்டத்தட்ட 600 மீட்டர் இறங்க வேண்டும். பழகாத தொடைகள் அடுத்த இரண்டு லெக்குக்கும் ஒத்துழைக்காது.

எவ்வளவு ஆகும்?

நுழைவுக் கட்டணத்தை 12 ஆகவும், வேன் வாடகை, பெட்ரோலை 6 ஆகவும் பங்கிடுவது நியாயம். வேன் செலவு 600 டாலர் என்றால் நம் பங்கு 100. சாப்பாடு, சீசைடில் தங்கும் அறை தனி. விலகியவர் கட்டிய பணம் யாருக்குப் போகிறது என்பதைச் சேரும்போதே பேசிவிடுவோம்.

எப்படித் தயாராவது?

வாரம் ஒரு நாள் காலையில் ஒரு ஓட்டம், மாலையில் இன்னொன்று. களைத்த காலோடு மறுபடி கிளம்பப் பழகுவதுதான் முக்கியம்.

மூன்று ஜிப் பைகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லெக்குக்கான பனியன், ஷார்ட்ஸ், சாக்ஸ் வைத்து மேலே எண் எழுதுங்கள். ஓடி முடித்ததும் ஈரத் துணியை அதே பைக்குள் போட்டு இறுக்க மூடிவிட வேண்டும். ஆறு பேர் வியர்வை நாறும் வேனில் இது பெரிய மரியாதை. தலையில் கட்டும் விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் ராத்திரிக்குக் கட்டாயம்.

எச்சரிக்கை

கரையோர மலைப்பகுதியில் போன் சிக்னல் போய்விடும். உத்தேச நேரங்களைத் தாளில் எழுதி இரண்டு வேனிலும் ஒட்டுவோம். ஜல்லிச் சாலையில் வேன்கள் கிளப்பும் புழுதிக்கு மூக்கை மூட ஒரு கைக்குட்டை போதும். தூங்காத ஆளை ஸ்டியரிங் பிடிக்க விடக்கூடாது; யார் எப்போது ஓட்டுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வோம். புது ஆள் என்று தயங்காமல் அந்தப் பேச்சை நாமே எடுக்கலாம்.