மண்ணில் மக்காத நஞ்சு

குப்பை மக்கினால் எருவாகும். காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்களோ எத்தனை பருவம் கழிந்தாலும் மக்குவதில்லை. இதற்கு ஜப்பான் நாட்டின் தொயாமா மாகாணம் சான்றாகும். கமியோகா சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஜின்சு ஆற்று நீரோடு வயல்களிற் புகுந்து, அரிசி வழியே உழவர் உடலிற் சேர்ந்தது. நடுவயது கடந்த பெண்கள் பலரின் எலும்புகள் முறிந்தன. ‘வலிக்கிறது’ எனப் பொருள்படும் ‘இட்டாய், இட்டாய்’ என்ற அவர்தம் அலறலே நோயின் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டு அரசு காரணத்தை ஏற்றது. நஞ்சேறிய வயல்களில் நல்ல மண் பரப்பும் பணியோ 2012-இல்தான் முடிவுற்றது.

நெசவும் உழவும் ஒரே நீரை நம்பும் ஊர்களில் நாம் செய்யத்தக்கவை யாவை? சில சாயங்களிலும் கன உலோகங்கள் உண்டு; ஆதலின் சாயக்கழிவு வாய்க்காலிற் கலவாமல் தடுத்தல் முதற் கடமை. ஐயத்திற்குரிய நிலத்து மண்ணைச் சோதித்தல் அடுத்தது. அமில மண்ணிற் சுண்ணாம்பு இடுதலும், கதிர் வெளிவரும் பருவத்தில் நீர் தேக்குதலும் நெல்லிற் காட்மியம் ஏறுவதைக் குறைக்கும். ஆனால் ஆர்சனிக் உள்ள மண்ணில் தேங்கிய நீர் அந்நஞ்சைப் பயிரில் மிகுவிக்கும்; எனவே சோதியாமல் மருந்திடலாகாது.

தனி ஒருவர் தம் வயலுக்கு வரப்பிடலாம். வாய்க்காலைக் காக்க அதன் நீரைப் பகிர்வோர் யாவரும் ஒன்றுகூட வேண்டும். அதுவே கூட்டுறவின் பணியாகும்.