பிள்ளையை எதற்காகக் கல்லூரிக்கு அனுப்புகிறோம்?



எமது கத்தோலிக்க ஆண்கள் கல்லூரியொன்றின் வாசலில் நின்று, அனுமதி தேடி வரும் பெற்றோரிடம் "ஏன் இந்தக் கல்லூரி?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கும். ஒன்று "நல்ல பெறுபேறு", மற்றது "கட்டுப்பாடு". இரண்டும் பிழையல்ல. ஆனால் இவ்விரண்டுக்காக மட்டுமா எம் முன்னோர் கல்லூரிகளை எழுப்பினர்?

யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1850இல் ஆங்கிலப் பாடசாலையாக ஆரம்பித்து, 1881இல் இன்றைய பெயரைப் பெற்றது. அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் அதனை நெடுங்காலம் நடத்தினர். விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்பதே அதன் விருதுவாக்கு. பரீட்சைப் புள்ளி அதிலே இடம்பெறவில்லை!

1936 முதல் 1954 வரை அதன் அதிபராயிருந்தவர் அயர்லாந்து நாட்டவரான லோங் அடிகளார். தம் மாணவரின் சித்தியோடு அவர் திருப்தியடைந்துவிடவில்லை. யாழ்நகர் மக்கள் அனைவருக்கும் ஒரு பொது நூலகம் வேண்டுமென்று நிதி திரட்டி முன்னின்று உழைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது, அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்நீத்ததை நாம் அறிவோம். கல்வியை ஊரின் சொத்தாக எண்ணியவர்கள் அவர்கள்.

1960ஆம் ஆண்டை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, சம்பத்திரிசியார் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிலைத்துநிற்கத் துணிந்தது. இவ்வாறு தனித்துநின்ற பாடசாலைகளுக்கு அரசின் நன்கொடையும் இல்லை, மாணவரிடம் கட்டணம் வாங்கவும் வழியில்லை. பெற்றோரும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் கொடுத்தே அவற்றைத் தாங்கினர். பிற்காலத்தில்தான் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. பரீட்சைப் பெறுபேறு மட்டுமே தேவையாயிருந்திருந்தால், பிள்ளையை அரச பாடசாலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே! அவர்கள் காப்பாற்ற விரும்பியது என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை இதற்கு விடை தருகிறது. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கூறும் சங்கம், நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் உலாவும் ஒரு சூழலை உண்டாக்குவதே கத்தோலிக்கப் பாடசாலையின் தனிப்பணி என்கிறது. கத்தோலிக்கரல்லாத மாணவரும் படிக்கும் பாடசாலைகள் திருச்சபைக்கு மிகவும் பிரியமானவை என்றும் சொல்கிறது. எமது கல்லூரிகளில் சைவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கின்றனர். அந்த நண்பன் எம் மகனிடம் காண்பதே அவன் வாசிக்கும் முதலாவது நற்செய்தி.

சூழல் என்பது கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கக்கூடியதன்று. இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசியாக ஓடி முடிப்பவனுக்கும் கைதட்டும்போது அது பிறக்கிறது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியுடன் நடக்கும் 'பொன் அணிகளின் போரில்' பதினொருவரே ஆடுகின்றனர். தண்ணீர் சுமக்கும் பையனும் அன்று ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். விடுதியில் பிறர் உண்ணும்வரை பொறுத்திருப்பவன், சாரணர் பாசறையில் விறகு பொறுக்குபவன், மரியாயின் சேனையில் நோயாளரைச் சந்திக்கச் செல்பவன், மாணவ முதல்வனாகி நண்பனையே கண்டிக்க நேர்பவன் — இவர்களுடைய பாடத்துக்கு வினாத்தாள் கிடையாது.

இங்கேதான் எமக்குக் கவலை. பாடசாலை விடும் மணி அடித்ததும் பிள்ளை சைக்கிளில் ஏறி ரியூட்டறிக்குப் பறக்கிறான். சாதாரண தர வகுப்புக்கு வந்துவிட்டால் விளையாட்டு வேண்டாம், மன்றம் வேண்டாம், ஞாயிறு மறைக்கல்வியும் வேண்டாம் என்று வீட்டிலேயே தீர்ப்பாகிறது. (விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் வரும் காய்ச்சல் ரியூசனுக்குப் போவதை மட்டும் தடுப்பதில்லை!) ரியூசன் முற்றாக வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கணக்கில் பின்தங்கியவனுக்கு உதவி தேவைதான். ஆனால் அங்கே அவன் பணம் கட்டிய ஒருவன். பக்கத்தில் இருப்பவனின் பெயர்கூடத் தெரியவேண்டியதில்லை. கல்லூரியில் அவனுக்குத் தோழர்கள் உண்டு, அவனைத் தேடும் ஆசிரியர் உண்டு.

இத்தவணை அறிக்கை வீட்டுக்கு வரும்போது, புள்ளிகளுக்குக் கீழே வகுப்பாசிரியர் எழுதியிருக்கும் இரண்டு வரிகளையும் வாசியுங்கள். அங்கே வெறுமனே "நன்று" என்று மட்டும் இருந்தால், ஒருநாள் கல்லூரிக்குச் சென்று, "என் மகன் யாரோடு சேர்கிறான், எதிலே பங்குபற்றுகிறான்?" என்று அவரிடம் கேளுங்கள். தந்தையும் கூடச் செல்வது நல்லது.